கூறியது கூறலும் ஸ்டீவ் ரைஷின் இசையும்

கூறியது கூறலைத் தொல்காப்பியமும் நன்னூலும் நூற்குற்றங்களுள் ஒன்றாக எண்ணும். அறிவுநூலுக்கு வகுத்த அவ்விதியை இசைக்கும் ஏற்றிப் பேசுவார் உளர். ஆயின், கூறியது கூறலையே அடிப்படையாகக் கொண்ட இசைநெறியொன்று 1960களில் அமெரிக்காவில் உருப்பெற்றது. மினிமலிசம் எனப்படும் அதனைச் 'சிறுமூல இசை' என ஈண்டுக் குறிப்போம். சிறியதோர் ஒலிக்கோவையை மூலமாகக் கொண்டு, அதனை மீட்டும் மீட்டும் ஒலித்துச் சிறிது சிறிதாக மாற்றிச் செல்லுதல் அதன் இயல்பு.

நியூயார்க்கில் 1936இல் பிறந்த ஸ்டீவ் ரைஷ் இந்நெறியின் முன்னோடிகளுள் ஒருவர். அவர் 1972இல் அமைத்த 'கைதட்டல் இசை' இதற்குத் தெளிவான சான்றாகும். இருவர் பன்னிரண்டு அலகுடைய ஒரே தாளக்கோவையைத் தட்டத் தொடங்குவர். ஒருவர் இறுதிவரை மாறாது தட்ட, மற்றவர் பலமுறை தட்டியபின் ஓர் அலகு பெயர்வர். பன்னிரண்டாம் பெயர்ச்சியில் இருவரும் மீண்டும் ஒன்றுபடுவர். இடையே கேட்கும் புதிய கோவைகள் தனித்து இயற்றப்பட்டன அல்ல. மூலம் ஒன்றே, அதன் இடம் மட்டுமே பெயர்ந்தது. எனவே, கூறியது கூறப்படினும் கேட்கப்படுவது வேறாகின்றது.

மூலம் கைத்தட்டாயின் இம்முறையால் எவர்க்கும் இழப்பில்லை. துன்புற்ற மாந்தரின் சொல்லாயின் யாது நிகழும்? இதுவே யாம் ஆராயப் புகுந்த வினா.

1964இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் காவலரால் அடியுண்ட கறுப்பின இளைஞருள் டேனியல் ஹாம் ஒருவர். தம்மை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் பொருட்டு, கன்றிய புண்ணை அழுத்திக் குருதி வெளிவரச் செய்ததாக அவர் கூறினார். பின்னர்க் கொலைக்குற்றம் சாட்டப்பெற்ற அறுவருள் அவரும் இருந்தார். அவர்தம் மறுவிசாரணைக்குப் பொருள் திரட்டும் நிகழ்ச்சிக்கென 1966இல் ரைஷ் 'கம் அவுட்' என்பதனை அமைத்தார். ஹாமின் கூற்றில் ஒரு சிறு தொடர் ஒலிநாடாவில் ஓயாது சுழல்கின்றது. ஒன்றாய்த் தொடங்கும் இரு குரல்கள் மெல்ல விலகி, நான்காய், எட்டாய்ப் பெருகுகின்றன. இறுதியில் சொல் மறைந்து ஓசையே எஞ்சுகின்றது. துன்புற்றவன் சொல்லை இசை விழுங்கிற்று எனின், அத்தடை எளிதில் தள்ளத்தக்கதன்று.

1988இல் இயற்றிய 'வெவ்வேறு தொடர்வண்டிகள்' என்பதில் ரைஷின் முறை மாறுகின்றது. பெற்றோர் பிரிந்தமையால், சிறுவனாகிய அவர் 1939 முதல் 1942 வரை நியூயார்க்கிற்கும் லாஸ் ஏஞ்சல்ஸிற்கும் இடையே தொடர்வண்டியில் சென்றுவந்தார். அக்காலத்து ஐரோப்பாவில் இருந்திருப்பின், யூதராகிய தாம் ஏற நேர்ந்திருக்கும் வண்டிகள் வேறு என்று பின்னர் எண்ணினார். தம்மை வளர்த்த செவிலி, முதிய தொடர்வண்டிப் பணியாளர், நாசிகளின் கொடுமைக்குத் தப்பியோர் ஆகியோரின் பேச்சுப் பதிவுகளை மூலமாகக் கொண்டார். பேச்சின் ஏற்ற இறக்கங்களைச் சுரப்படுத்தி, மகளிர் குரலை வயோலாவும் ஆடவர் குரலைச் செல்லோவும் இசைக்குமாறு அமைத்தார். கருவி ஈண்டுச் சொல்லை மறைப்பதில்லை. சொல்லின் ஓசையைக் கற்று அதன்வழிச் செல்கின்றது. தொடர்கள் மடங்கி வரினும் பொருள் கெடுவதில்லை.

இவ்விரண்டும் கூறியது கூறலே. முன்னதில் முறை சொல்லை ஆண்டது. பின்னதில் சொல் முறையை ஆண்டது. ரைஷின் பன்முகப் போக்கைப் புதுமை வேட்கை எனச் சுருக்குதல் பொருந்தாது. பிறர் சொல்லைக் கையாளும் பொறுப்பு அவரிடத்து வளர்ந்தமைக்கு இவ்வேறுபாடு சான்றாம் என்பது எம் துணிபு.