நீலகண்ட சாஸ்திரியை எந்த எழுத்தில் தேடுவது?

“துணைநூற்பட்டியல் மட்டும்தான் சார் பாக்கி” என்று ஆய்வு மாணவர் யாராவது சொன்னால், பாதி வேலை பாக்கி என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பெரிய காஞ்சிபுரத்தில், கச்சபேஸ்வரர் கோயில் பக்கத்து டீக்கடையில், இந்த வசனம் அடிக்கடி காதில் விழும். இந்த ஊரை ஆராய வருகிறவர்களுக்குப் படிக்க ஏராளம் இருக்கிறது. அதுவே வினையாகவும் முடிகிறது. ஒரு பெண் கைலாசநாதர் கோயிலை எடுத்துக்கொள்வாள், ஒரு பையன் பிள்ளையார்பாளையத்துத் தறிகளை எடுத்துக்கொள்வான். வருஷக்கணக்கில் படிப்பார்கள். குறிப்பு கொஞ்சம் நோட்டில் இருக்கும், கொஞ்சம் செல்போன் படத்தில், மீதி தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப்பில். ஒப்படைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தால், ஆண்டு இருக்கும் இடத்தில் பதிப்பகம் இருக்காது. மேற்கோள் இருக்கும், பக்க எண் இருக்காது.

ஆறுவதற்குள் டீயைக் குடியுங்கள். இதற்கென்றே இருக்கும் மென்பொருளைப் பற்றிச் சொல்கிறேன்.

எண்ட்நோட் பழைய ஆள், காசு கொடுத்து வாங்க வேண்டும். மெண்டெலி இலவசம், 2013இல் எல்செவியர் என்ற பெரிய பதிப்பு நிறுவனம் அதை வாங்கிவிட்டது. ஜோட்டேரோ 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்று மையம் ஒன்றிலிருந்து வந்தது. இலவசம், திறமூலம். என்னைக் கேட்டால் ஜோட்டேரோதான். வரலாற்றுக்காரர்கள் கட்டியதால் புத்தகம், கட்டுரை என்பதோடு நிற்காமல் கடிதம், கையெழுத்துப் பிரதி, நிலப்படம், நேர்காணல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வகை வைத்திருக்கிறார்கள். தறிக்காரப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதியதையும் நேர்காணல் என்று தேதியோடு பதியலாம்.

ஜோட்டேரோ செய்யும் வேலை எளிது. படித்த ஒவ்வொன்றின் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகம், ஊர் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் ஒருமுறை பதிகிறீர்கள். வேர்டிலோ லிப்ரே ஆஃபீஸிலோ எழுதும்போது, மேற்கோள் வரும் இடத்தில் பொத்தானை அழுத்தி அந்த நூலைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அடிக்குறிப்பை அது போடும். கடைசியில் துணைநூற்பட்டியலையும் அதுவே போடும். ஒரு நூலின் மேற்கோள்களை எல்லாம் எடுத்துவிட்டால் அந்த நூல் பட்டியலிலிருந்தும் போய்விடும். நெறியாளர் ஒரு மேற்கோள் முறையைக் கேட்கிறார், இதழாசிரியர் வேறு முறையைக் கேட்கிறார் என்றால் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டாம். முறையை மட்டும் மாற்றினால் போதும். ஜக்கார்டு அட்டையை மாற்றினால் புட்டா மாறும், பட்டு நூல் அதேதான் என்று நம் ஊரில் சொன்னால் எல்லாருக்கும் புரியும். இப்படித் தயாராக இருக்கும் முறைகள் 10,000க்கும் மேல்.

இதுவரை எவரும் சொல்லிவிடுவார்கள். காஞ்சிபுரத்து ஆய்வாளருக்கு இதற்குப் பிறகுதான் சிக்கல்.

எம்மா நடாலியா ஸ்டைன் காஞ்சி நகரத்தின் அமைப்பைப் பற்றி எழுதிய நூல் 2021இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. அதன் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொடுத்தால் விவரம் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துவிடும். புதிய கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. எண் அதே வேலையைச் செய்யும். ஆனால் அலெக்சாண்டர் ரே பல்லவர் கட்டடக்கலை பற்றி வெளியிட்டது 1909இல். அதற்கு ஏது எண்? இணையத்தில் கிடைக்கும் ஸ்கேன் பிரதியை இழுத்துப் போட்டால், ஆசிரியர் இடத்தில் ஸ்கேன் செய்த நூலகத்தின் பெயர் வந்து நிற்கலாம். பழைய நூல்களுக்கு முகப்புப் பக்கத்தைப் பார்த்துக் கையால் தட்டுவதே ஒழுங்கு. ஒரு நூலுக்கு இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷத்துக்குச் சோம்பல் பட்டவர்களைத்தான் கடைசி வாரத்தில் டீக்கடையில் பார்க்கிறேன்.

கல்வெட்டுக்கு ஜோட்டேரோவில் தனி வகை கிடையாது. அமெரிக்காவில் கோயில் சுவரைப் படித்து யாரும் பட்டம் வாங்குவதில்லை போலிருக்கிறது! கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மேச்வர விமானத்தின் வெளிச்சுற்றில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, ஹூல்ஷ் பதிப்பித்து 1890இல் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் 24ஆம் எண். இதை எப்படிப் பதிவது? ஒவ்வொரு கல்வெட்டையும் தனி நூலாகப் பதிந்தால் பட்டியல் வீங்கி, ஒரே தொகுதி இருபது தடவை வந்து நிற்கும். தொகுதியை மட்டும் ஒரு நூலாகப் பதியுங்கள். ஹூல்ஷை ஆசிரியர் கட்டத்தில் போடாமல் பதிப்பாசிரியர் என்று போடுங்கள். கல்வெட்டு எண்ணை மேற்கோள் இடும்போது பின்னொட்டுக் கட்டத்தில் எழுதுங்கள். அடிக்குறிப்பில் எண்ணோடு வரும், பட்டியலில் தொகுதி ஒருமுறைதான் வரும்.

அடுத்து பெயர். மேல்நாட்டுக் குடும்பப் பெயரை மனத்தில் வைத்து இரண்டு கட்டம் கொடுத்திருக்கிறார்கள். தானாக இழுக்கும்போது கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக்கிவிடும். வரலாற்றாசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி வெறும் சாஸ்திரியாகிவிடுவார். நூலக அட்டவணையிலோ அவரை நீலகண்ட என்ற இடத்தில்தான் தேட வேண்டும். ‘நீலகண்ட சாஸ்திரி’ இரண்டையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முன்னெழுத்தை மற்றதில் போட்டால் தீர்ந்தது. நம் பெயர்களுக்கு இந்த வழி புதிதல்ல. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், பெயரை முன்னால் வைத்து முன்னெழுத்தை அடைப்புக்குறிக்குள் பின்னால் தள்ளும் வழக்கத்தைக் கடைப்பிடித்தார்.

துறையோ நிறுவனமோ ஆசிரியர் என்றால் இன்னும் வேடிக்கை. இரண்டு கட்டத்தில் விட்டால் ‘துறை, தமிழ்நாடு அரசு தொல்லியல்’ என்று வரும். பெயர்க் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்த ஒரு பொத்தானை அறியாமல் அச்சேறிய ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன்.

எழுத்துக்கூட்டலும் தொல்லைதான். பல்லவர் ஆட்சி பற்றிய சி. மீனாட்சியின் நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1938இல் வெளியிட்டது. அவர் பெயரை ஆங்கிலத்தில் இருவிதமாக எழுதுகிறார்கள். நீங்களும் இருவிதமாகப் பதிந்தால் மென்பொருள் இரண்டு மீனாட்சிகளை உண்டாக்கும். தமிழில் ஒரே ஆசிரியரை இராசமாணிக்கனார் என்றும் ராசமாணிக்கனார் என்றும் எழுதினால், பட்டியலில் இரண்டுக்கும் இடையில் ஒரு தாள் தூரம். நூலில் அச்சான வடிவத்தை வைத்துக்கொண்டு கடைசிவரை மாற்றாதீர்கள்.

மீனாட்சியின் அதே நூலுக்கு 1977இல் திருத்திய பதிப்பு வந்தது. எந்தப் பதிப்பு உங்கள் கையில் இருந்ததோ அந்த ஆண்டையே பதியுங்கள்; பக்க எண் அதற்குத்தான் பொருந்தும். முதல் ஆண்டைக் கூடுதல் விவரக் கட்டத்தில் குறிக்கலாம். அச்சு நூலில் படித்த பக்க எண்ணை மென்பொருள் தானாகத் தராது. படிக்கும்போதே குறிப்பின் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.

பக்க எண்ணுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், கருத்துத் திருட்டுப் பயம் இப்போது எல்லாருக்கும் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி 10 விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. துணைநூற்பட்டியல் அந்தக் கணக்கில் சேராது. முறையாக ஆதாரம் காட்டிய மேற்கோளும் சேராது. மென்பொருள் வைத்திருப்பதாலேயே யாரும் தப்பிவிட முடியாது. எந்த வரி நூலாசிரியருடையது, எந்த வரி உங்களுடையது என்று குறிப்பெடுக்கும்போதே மேற்கோள்குறியும் பக்கமும் இட்டுப் பிரித்தவர்தான் தப்புவார்.

செயற்கை நுண்ணறிவிடம் நூல் பட்டியல் கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இல்லாத நூலையும் அது அழகாகச் சொல்லும். ஜோட்டேரோவும் அதை அழகாக அச்சிடும். நீங்கள் கையால் புரட்டாததைப் பதியாதீர்கள்.

தமிழ் நூல், ஆங்கில நூல் என்று பட்டியலை இரண்டாகப் பிரிக்கச் சொல்வார்கள். மென்பொருள் ஒரே பட்டியலைத்தான் தரும். எல்லாம் முடிந்தபின், ஆய்வேட்டின் பிரதி ஒன்றில், கையால் பிரியுங்கள், மூலக்கோப்பைத் தொடாதீர்கள்.

ஜோட்டேரோ இலவசமாகத் தரும் இணைய இடம் 300 எம்.பி. தான். நூல் விவரங்களுக்கு அந்த வரம்பு கிடையாது, இணைத்த கோப்புகளுக்குத்தான் உண்டு. கல்வெட்டுத் தொகுதிகளின் ஸ்கேன் பிரதிகள் சிலவற்றிலேயே அது நிரம்பிவிடும். கோப்புகளை ஒரு ஹார்டு டிஸ்க்கில் தனியாகப் பிரதி எடுத்து வையுங்கள், அதையும் இன்றே செய்யுங்கள்.