பாலையும் மணற்காடும்

ஐந்திணைகளுள் பாலைக்கு மட்டும் தனக்கென ஒரு நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் தம் இயல்பு கெட்டுப் பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. பரீட்சைக்குப் படிக்கும்போது இது வெறும் இலக்கியச் செய்தியாகவே தோன்றும். ஆனால் கெட்ட இயல்பு திரும்பியும் வரலாம் என்ற நம்பிக்கையும் இதற்குள் இருக்கிறது.

அதைச் செய்துகாட்டியவர் யாகூபா சவடோகோ. மேற்கு ஆபிரிக்காவின் புர்கினா பாசோ நாட்டு விவசாயி. சிறுவயதில் மாலி நாட்டிலுள்ள குர்ஆன் மத்ரஸாவில் ஓதியவர். 1980களில் கடும் வரட்சியால் அவரது ஊர் நிலம் ஓடுபோல் இறுகியது. மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடியது. மக்கள் ஊரைவிட்டுச் சென்றார்கள். அவர் போகவில்லை. முன்னோர் கையாண்ட 'ஸாய்' எனும் குழிகளை இன்னும் அகலமாகவும் ஆழமாகவும் தோண்டி, மழைக்கு முன்பே அவற்றில் சாணத்தையும் குப்பையையும் இட்டார். எருவைத் தேடிக் கறையான்கள் வந்தன. நாம் வீட்டில் மருந்தடித்து விரட்டும் அதே கறையான்கள்தான்! அவை துளைத்த வழிகளால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கியது. தானியம் விளைந்தது, எருவில் கிடந்த விதைகளிலிருந்து மரங்களும் முளைத்தன. ஆரம்பத்தில் அவரைப் பைத்தியக்காரன் என்ற ஊரார், பின்னர் அவரிடமே கற்றுக்கொண்டார்கள். 20 ஹெக்டேயருக்கும் அதிகமான காட்டை உருவாக்கிய அவர் 2023இல் காலமானார்.

ஆனால் மணல் கண்ட இடமெல்லாம் கெட்டுப்போன நிலம் அல்ல. இலங்கையில் பாலைவனத்தைப் பார்க்க விரும்புவோர் வடமராட்சி கிழக்கிலுள்ள மணற்காட்டுக்குப் போகிறார்கள். வெண்மணல் குன்றுகளும் மணலில் புதைந்த பழைய தேவாலயத்தின் இடிந்த சுவர்களும் பார்ப்பவரைக் கவரும். டுபாய் போய் வந்தவர்கள் காட்டும் படங்களுக்கு இது குறைந்ததல்ல. இருந்தாலும் இது பாலைவனம் அல்ல. கடற்காற்று குவித்த மணல். மழைநீரை உள்வாங்கி நன்னீராக வைத்திருப்பதும் இந்த மணல்தான். வெள்ளவத்தையில் கடலரிப்பைத் தடுக்க ரயில் பாதையோரம் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். மணற்குன்றுகள் அந்த வேலையைச் செலவில்லாமல் செய்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது யால கடற்கரையில் உயர்ந்த குன்றுகள் அலையைத் தடுத்து நிறுத்தின. இடைவெளிகள் வழியாகவே கடல் உள்ளே புகுந்தது.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள். கடற்கரை மணலை உண்மையாகவே பிடித்து வைத்திருப்பவை அந்த அடம்பனும் இராவணன் மீசைப் புல்லும்தான். கொடி அறுந்தால் காற்று மணலை அள்ளிச் செல்லும். மணல் அகழ்வோரோ லொறியில் அள்ளிச் செல்கிறார்கள். இங்கே நிலத்தை மீட்பதென்றால் குழி தோண்டிப் பயிர் நடுவதல்ல. மணலை அதன் இடத்தில் இருக்க விடுவது. சுற்றுலா செல்வோர் வாகனத்தைக் குன்றின்மேல் ஏற்றாமல், கொடி படராத ஒற்றையடிப் பாதையில் நடந்து ஏறினாலே போதும்.