பழைய ஆப்புக்கு பழைய முகவரிதான் தெரியும்!

மூணு வருஷமா அப்டேட் பண்ணாத ஆப் ஒன்று உங்க போனில் இன்னும் ஓடுதா? சர்வர் பக்கம் யாரோ பழைய ஏபிஐ முகவரியை அழிக்காம வச்சிருக்காங்கன்னு அர்த்தம். அந்த முகவரி ஆப்பின் கோடுக்குள்ளேயே இருக்கும். மாற்ற புது வெர்ஷன் வேண்டும். அதை நீங்க இன்ஸ்டால் பண்ணவும் வேண்டும்!

அமேசானே இதில் தடுமாறியது. அதன் எஸ்3 ஸ்டோரேஜில், பழைய முறைப்படி எல்லோரும் ஒரே டொமைனுக்கு வருவார்கள்; 'பக்கெட்' பெயர் சாய்கோட்டுக்குப் பிறகு வரும். புது முறையில் அந்தப் பெயர் டொமைனுக்கு முன்னால். அப்போதுதான் டிஎன்எஸ் மட்டத்திலேயே டிராஃபிக்கைப் பிரித்து அனுப்ப முடியும். நியாயமான காரணம்தான். பழைய முறை 2020 செப்டம்பர் 30 வரைதான் என 2019-ல் அறிவித்தது. டெவலப்பர்கள் கொந்தளித்தார்கள். சில நாட்களிலேயே, அந்தத் தேதிக்குள் உருவாக்கிய பக்கெட்டுகளுக்கு விலக்கு என இறங்கி வந்தது. தேதி நெருங்கியபோது அதையும் தள்ளிப்போட்டது.

அதனால்தான் அனுபவசாலிகள் ஐபி எண்ணையோ, கிளவுட் நிறுவனம் தரும் நீளமான முகவரியையோ ஆப்பில் எழுதுவதில்லை. சொந்த டொமைன் பெயரைத்தான் தருவார்கள். அதன் பின்னால் லோட் பேலன்சர் இருக்கும். உள்ளே சர்வர்களை எத்தனை தடவை மாற்றினாலும் ஆப்புக்குத் தெரியாது. பழைய முகவரியை மூடும் முன், அதை இன்னும் யார் கூப்பிடுகிறார்கள் என்று லாக்கைப் பார்ப்பார்கள்.