இந்த முயலுக்கு நாலு கால்தான்!

ஃப்ரீசருக்குள் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குப்பி. உள்ளே 100 மைக்ரோலிட்டர், அதாவது இரண்டே சொட்டு. லேபிளில் ‘ஆன்டி-பிக்-ஏ, ராபிட் பாலிகுளோனல்’ என்று பொடி எழுத்து. பிக்-ஏ என்ற புரதத்தைக் கவ்விப் பிடிக்க ஒரு முயலின் உடம்பு தயாரித்த ஆன்டிபாடி என்று அர்த்தம். பார்த்தால் பச்சைத் தண்ணீர்தான்! ஆனால் இதை உருவாக்கவும் வேலை வாங்கவும் ஒரு கடல் நத்தை, ஒரு முயல், ஓர் ஆடு, ஒரு காரமான வேர் என்று பெரும் பட்டாளமே திரைக்குப் பின்னால் நிற்கிறது. வாங்க, மேக்கப் அறைக்குள்ளேயே எட்டிப் பார்த்துவிடலாம்.

முதலில், யாரைப் பிடிக்க இத்தனை ஆர்ப்பாட்டம்? நம் செல்களின் வெளிப்புறத்தில் 150-க்கும் மேற்பட்ட புரதங்கள் ஜிபிஐ எனும் சர்க்கரை-கொழுப்பு நங்கூரத்தைப் பாய்ச்சித்தான் சவ்வில் நிற்கின்றன. அந்த நங்கூரம் தயாராகும்போது, முதல் படியிலேயே கொழுப்பின் தலையில் முதல் சர்க்கரையை வைக்கிற குழுவின் முக்கியப் புள்ளிதான் பிக்-ஏ. 1993-ல் இதன் மரபணுவைப் பிடித்தது ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் தாரோ கினோஷிடாவின் குழு. ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்லில் இந்த மரபணு கெட்டால், சிவப்பணுக்களைக் காக்கும் சிடி55, சிடி59 புரதங்களுக்கு நிற்க இடமில்லை. உடம்பின் சொந்தப் பாதுகாப்புப் படையே அணுக்களை உடைத்துத் தள்ளும். விடிந்ததும் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். பிஎன்எச் என்ற அரிய நோய் அது.

பிக்-ஏ மகா கூச்ச சுபாவி. செல்லில் இருப்பதே கொஞ்சம், அதுவும் சவ்வோடு ஒட்டிக்கொண்டு. முழுசாகப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. எனவே அதன் 484 அமினோ அமிலங்களில் ஒரு துணுக்கை மட்டும், பதினைந்து இருபது அமிலம் நீளத்துக்கு, ஆய்வகத்தில் செய்துகொள்வது ஒரு வழி. முயலுக்கும் சொந்தமாக பிக்-ஏ உண்டு என்பதால், மனிதனுடையது முயலுடையதிலிருந்து மாறுபடும் இடமாகப் பார்த்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘அட, நம்ம ஆளு!’ என்று முயல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

துணுக்கு சின்னது, தனியாகப் போனால் மதிப்பே கிடைக்காது. அதனால் கடல் நத்தையின் முதுகில் ஏற்றுகிறார்கள்! கலிபோர்னியா கரையோரத்தில் வாழும் மெகாதுரா கிரெனுலேட்டாவின் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு. ஆக்சிஜன் பட்டால் நீலமாகிவிடும். அந்த நீல ரத்தத்தின் ராட்சதப் புரதத்தில் துணுக்கை ஒட்டி அனுப்பினால், முயலின் நோய் எதிர்ப்பு மண்டலம் அலறியடித்துக்கொண்டு எழுந்திருக்கும்.

முயல், நியூசிலாந்து ஒயிட். பெயரை நம்ப வேண்டாம், அமெரிக்காவில் உருவான இனம். ஊசிக்கு முன்பே கொஞ்சம் ரத்தம் எடுத்து வைப்பார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. பிறகு ஊசி, சில வார இடைவெளியில் பூஸ்டர்கள், காது நாளத்திலிருந்து ரத்தம். மருந்தோடு கலக்கும் ஃபிராய்ண்ட் எண்ணெய்க் கலவையில் செத்த காசநோய் வகைக் கிருமிகள் உண்டு. அது புண்ணாக்கும் என்பதால் முதல் ஊசியோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அதையும் தவிர்க்கிற ஆய்வகங்கள்மேல் எனக்குத் தனி மரியாதை.

ரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கி, தெளிந்த சீரம் வந்துவிட்டதா? அதில் நத்தைக்கு எதிரான ஆன்டிபாடிகளும் இருக்கும், முயல் வாழ்நாளில் சந்தித்த கிருமிகளுக்கானவையும் இருக்கும். அதே துணுக்கை ஒட்டிவைத்த மணிகளின் வழியே சீரத்தை ஓடவிட்டால், வேண்டியவை மட்டும் பற்றிக்கொள்ளும், மற்றவை ஓடிப்போகும். பிறகு அமிலம் ஊற்றிக் கழற்றி, அடுத்த நொடியே காரம் கலந்து காப்பாற்ற வேண்டும். கிடைப்பது ஒரே துணுக்கைப் பல கோணங்களில் கவ்வும் ஆன்டிபாடிகளின் கலவை, அதாவது பாலிகுளோனல். அந்த முயலோடு அந்தக் கலவையும் சரி. அடுத்த முயல் வேறு கலவைதான் தரும்.

இனி அரங்கேற்றம், வெஸ்டர்ன் பிளாட்! செல் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஒரு தாளுக்கு மாற்றி, வெற்றிடங்களை அடைக்கப் பால் பவுடர் கரைசலில் (நிஜமாகவே பால் பவுடர்!) ஊறவைத்து, முயல் ஆன்டிபாடியை விடுகிறார்கள். அதைக் கவ்வ ஆட்டின் ஆன்டிபாடி. அதன் வாலில் ஹார்ஸ்ராடிஷ் வேரின் நொதி. கடைசியாக ஒரு ரசாயனம் ஊற்றினால், இருட்டில் ஏறக்குறைய 54 கிலோடால்டன் உயரத்தில் ஒரு கோடு மினுங்கும். கைதட்டல், விசில்!

கொஞ்சம் பொறுங்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்கள் ஆய்வகங்களிலும் உண்டு. அந்தக் கோடு பிக்-ஏதானா? சோதிக்க பிக்-ஏ அறவே இல்லாத செல்கள் வேண்டும். அதற்கும் ஒரு குறும்பு வழி இருக்கிறது. ஏரோலைசின் என்ற பாக்டீரியா நஞ்சு ஜிபிஐ நங்கூரமிட்ட புரதங்களைப் பிடித்துத்தான் செல்லில் துளை போடும். நஞ்சைத் தெளித்தால் நங்கூரமுள்ளவை செத்துவிழ, இல்லாதவை ஜம்மென்று பிழைக்கும். பிக்-ஏ மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஓரிடத்தில் அடிபட்டாலே போதும். அதனால் பிழைத்தவற்றில் பிக்-ஏ பழுதானவையே அடிக்கடி மாட்டும். மரபணு அடியோடு கெட்டவற்றைப் பொறுக்கி அதே தாளில் பக்கத்து வரிசையில் ஏற்றினால், அந்த வரிசை காலியாக இருக்க வேண்டும். அங்கேயும் கோடு பளிச்சிட்டால், வேறு முயலுக்கு ஆர்டர் போட வேண்டியதுதான்.