பொதி சாயாத வித்தை: குரங்கணிப் பாதையும் ஒரு குண்டுக் குதிரையும்

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே பார்த்தால் மலை சுவர் மாதிரி நிற்கும். அதன் மேல் விளிம்பு டாப் ஸ்டேஷன். அதைத் தாண்டினால் மூணாறு, இடுக்கிச் சீமை. கீழே கொட்டகுடி, குரங்கணி. தேயிலைக் கம்பெனிக்காரர்கள் 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908இல் அது சிறு ரயிலாயிற்று. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. 1924 வெள்ளத்தில் ரயில் போயே போய்விட்டது. ரயிலும் கம்பிவடமும் கம்பெனிக்கு. ஏலக்காயும் காப்பியும் நாலு மூட்டை வைத்திருந்த எங்களைப் போன்றவர்களுக்கு மட்டக்குதிரையும் கழுதையும்தான்.

வடக்கே பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலம். அங்கே வண்டி கட்டிக்கொண்டு போய்விடலாம். பொதி கட்டும் வித்தை அதிகம் தேவைப்பட்டது எங்கள் பக்கத்துச் செங்குத்துப் பாதையில்தான். இது நேற்று வந்த தொழிலும் இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து போகும் கழுதைச் சாத்து வருகிறது. இரண்டு பக்கமும் ஒத்த எடையாகத் தொங்கும் பொதியைப் பலாமரத்து அடியில் காய்த்த பழத்துக்கு ஒப்பிடுகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். கழுதையின் முதுகில் தழும்பு இருப்பதையும் அவர் விடவில்லை. பொதி ஏற்றிப் பழகாதவர் அந்தத் தழும்பைக் கவனித்திருப்பாரா என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

என் பெரியப்பாவிடம் மூன்று மட்டக்குதிரைகள் இருந்தன. பொதி ஏற்றும்போது இரண்டு ஆள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். ஒரு பக்கம் எடை குறைந்தால் அந்தச் சாக்கில் கல்லைப் போட்டுச் சமன் செய்வார். மூட்டையை மேலே ஏற்றிக் கட்டவிட மாட்டார்: "ஒசரக் கட்டுனா ஆடும்டா, தாழக் கட்டு." ஒருநாள் அவர் இல்லாதபோது வேறு ஆள் அவசரமாகக் கட்டினார். பாதி ஏற்றத்தில் பொதி ஒரு பக்கம் சாய்ந்து வயிற்றுக்கு அடியில் போனது. குதிரை மிரண்டு பள்ளத்தில் விழுந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அதன் சத்தத்தை இங்கே எழுத விருப்பமில்லை.

நாற்பது வருடம் கழித்து, கடல் கடந்து வந்த இந்த ஊரில் அதே பயம் திரும்ப வந்தது. என் மகள் ஓட்டும் குதிரை ஹாஃப்லிங்கர் சாதி. அதுவும் ஆஸ்திரியப் பக்கத்து மலைக்குதிரைதான். உடம்பு பீப்பாய் போல உருண்டை. சாதாரணக் குதிரைக்குக் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். சேணம் பக்கவாட்டில் உருளாமல் பிடிப்பது அந்த மேடுதான். இதற்கு அது பெயருக்குத்தான் இருக்கிறது. சேணம் வலப்பக்கம் நழுவிக்கொண்டே இருந்தது. ஒருநாள் சேணத்தோடு அவளும் சரிந்தாள். நல்ல வேளை, மணிக்கட்டுச் சுளுக்கோடு போயிற்று.

முதலில் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம்: வயிற்றுவாரை இன்னும் இறுக்கினோம். அது தப்பு. அளவுக்கு மீறி இறுக்கினால் குதிரைக்கு மூச்சு இடைஞ்சல், தோல் புண். அப்புறம் சேணத்துக்கு அடியில் தடித்த மெத்தை போட்டோம். அது அதைவிடத் தப்பு. உருண்டை முதுகுக்கு மேலே மெத்தையும் சேர்ந்தால் உருண்டை கூடும், சேணம் உயரும், நழுவல் வளரும். பெரியப்பா இருந்திருந்தால் முதல் நாளே திட்டியிருப்பார்.

சேணத்துக்குள் ஒரு சட்டம் உண்டு. அது முதுகைவிட ஒடுக்கமாக இருந்தால் சேணம் உச்சியில் தொத்திக்கொண்டு நிற்கும். கவிழ்த்த பானை மேல் சிறு கிண்ணத்தைக் கவிழ்த்தது போல. எங்களுடையது அப்படித்தான். சவாரி முடிந்து சேணத்தை எடுத்ததும் முதுகு வியர்வையைப் பாருங்கள். எல்லா இடமும் நனைந்திருக்க, நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகம் என்று சந்தேகப்பட வேண்டும். உருண்டைக் குதிரைக்கு அகலச் சட்டம் வேண்டும். வயிற்றுவாருக்கு ஓர் இடம் உண்டு: முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால், நெஞ்சுக்கூடு ஒடுங்கும் இடம். நாம் எங்கே கட்டினாலும் வார் அங்கேதான் போய்ச் சேரும், சேணத்தையும் கூடவே இழுக்கும். ஆகவே வார் நேராக அங்கே தொங்கும்படி சேணம் அமைய வேண்டும். மார்புவார் பின்னால் நழுவுவதைத் தடுக்கும், வால்வார் முன்னால் போவதைத் தடுக்கும். பக்கவாட்டுச் சாய்வுக்கு இரண்டுமே அரைகுறை வைத்தியம்தான்.

இவ்வளவும் சரிசெய்து புதுச் சேணமும் வாங்கினோம். அப்போதும் கொஞ்சம் வலப்பக்கம் போனது! மகள் சொன்னாள், "அப்பா, நான்தான் கோணலா உக்காறேனோ?" வேறு ஒருவரை ஏற்றிப் பார்த்தோம். அதே வலப்பக்கம். பின்னாலிருந்து படம் எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தார். பொதி ஒரே பக்கம் சாய்ந்தால் அவர் கயிற்றைத் தொட மாட்டார். பொதியை இறக்கிவிட்டு வெறும் குதிரையை நடக்கவிட்டுக் கால்களைப் பார்ப்பார்.

லீனா கிரேவ், சூ டைசன் என்ற இரண்டு குதிரை மருத்துவர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வும் இதையேதான் சொல்கிறது. பின்னங்கால் நோவு உள்ள குதிரைகளில் பாதிக்கு மேல் சேணம் நழுவியது. பெரும்பாலும் நோவு உள்ள கால் பக்கமாகவே. ஊசி போட்டு அந்த வலியை மரக்கச் செய்ததும் அநேகமாக எல்லாவற்றிலும் நழுவல் நின்றது. கண்ணுக்கு நொண்டுவது தெரியாத அளவு லேசான வலியைக்கூடச் சேணம் முதலில் காட்டிக்கொடுத்துவிடலாம். எங்கள் குதிரைக்கு வலது பின்னங்கால் மூட்டில் தேய்வு. வைத்தியம் நடந்தது, மூன்று மாதம் ஓய்வு.

இப்போது மகள் இடமிருந்து தொங்கி ஏறுவதில்லை, ஏறுபலகை மேல் நின்று ஏறுகிறாள். பத்து நிமிடம் நடத்திய பிறகு வாரை மறுபடி சரிபார்க்கிறாள், ஏனென்றால் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்ளும் குதிரைகள் உண்டு, இதுவும் அந்தக் கள்ளத்தனம் தெரிந்தது. சேணம் நடுவிலேயே நிற்கிறது. பழைய சேணம் அழுத்திய இடத்தில் மட்டும், பொன்னிற முதுகின் இரண்டு பக்கமும், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை முடி முளைத்திருக்கிறது. அது இனி மாறாது என்கிறார் மருத்துவர்.