யூரியா போட்ட வயலில் அசோஸ்பைரில்லம் ஏன் சும்மா இருக்கிறது?

"அசோஸ்பைரில்லம் போட்டேன், ஒண்ணும் தெரியலையே" என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது: அதே வாரம் யூரியாவும் போட்டீங்களா? இயற்கைக்கு மாறும் முதல் வருஷத்தில் பலர் இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும். அதைப் பிரிக்கிற நொதிக்கு நைட்ரஜனேஸ் என்று பெயர். ஒரே ஒரு மூலக்கூறைப் பிரிக்கக் குறைந்தது 16 ஏடிபி செலவாகும். ஏடிபி என்பது செல்லுக்குள் புழங்கும் சில்லறைக் காசு மாதிரி. இவ்வளவு செலவு பிடிக்கிற வேலையை, பக்கத்திலேயே அம்மோனியம் இலவசமாகக் கிடைக்கும்போது எந்தப் பாக்டீரியா செய்யும்?

நைட்ரஜனேஸைச் செய்வதற்கான குறிப்பு 'நிஃப்' என்ற மரபணுக்களில் இருக்கிறது. அசோட்டோபாக்டரில் நிஃப்-ஏ என்ற புரதம் அவற்றை முடுக்கிவிடும். நிஃப்-எல் என்ற புரதம் நிஃப்-ஏவைப் பிடித்து அடக்கும். அம்மோனியம் தாராளமாக இருந்தால் நிஃப்-எல் கைதான் ஓங்கும். அசோஸ்பைரில்லம் இன்னும் ஒருபடி மேலே. மரபணுவை நிறுத்துவதோடு, ஏற்கெனவே செய்து வைத்த நொதிக்கும் சில நிமிடங்களில் ஒரு வேதிப் பூட்டைப் போட்டுவிடும். அம்மோனியம் தீர்ந்தால் இன்னொரு நொதி வந்து பூட்டைத் திறக்கும்.

நாம் போடும் யூரியா சில நாட்களிலேயே மண்ணில் அம்மோனியமாக மாறுகிறது. அப்புறம் வேர் பக்கத்தில் பூட்டு விழாமல் என்ன செய்யும்?

யூரியாவே போடாதவர்களும் இதைக் கவனிக்கணும். பச்சைக் கோழி எருவை அள்ளிக் கொட்டினாலும் அம்மோனியம்தான் பெருகும். பாக்டீரியாவுக்கு மூட்டையில் வந்ததா, கொட்டகையில் வந்ததா என்ற பேதம் கிடையாது. கோழி எருவை நன்றாக மக்கவைத்தே போடுங்கள். நுண்ணுயிர் உரத்தை மக்கிய தொழு உரத்தில் கலந்து போட்டால், 16 ஏடிபிக்கு வேண்டிய கரிமச் சாப்பாடும் கிடைக்கும். வைக்கோலை மூடாக்காக மேலே பரப்புவது நல்லது. பச்சையாக மடக்கி உழுதால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொண்டு பயிரைக் கொஞ்ச நாள் பட்டினி போடும்.

யூரியாவைப் படிப்படியாகக் குறைப்பவர்கள் ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடலாம்; இடையில் அம்மோனியம் குறையும் நாட்களில் பூட்டு திறக்கும். இன்னொன்றும் சொல்லணும்: அசோஸ்பைரில்லம் தழைச்சத்தோடு வேரை வளர்க்கும் ஹார்மோனையும் சுரக்கிறது. அதனால் யூரியா போட்ட வயலிலும் சில சமயம் வேர் செழிப்பாகத் தெரியும். அதைப் பார்த்து, காற்றிலிருந்து நைட்ரஜன் இறங்கிவிட்டது என்று கணக்குப் போட வேண்டாம்.