நீமோவின் தந்தை நம் வீட்டிலும் இருக்கிறார்

குடும்பமாக அமர்ந்து பார்க்க நல்ல படம் ஏதாவது இருக்கிறதா என்று நம்மில் பலர் தேடுகிறோம். சில படங்களைப் பிள்ளைகளோடு பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. வேறு சிலவற்றைச் சிறுவர் படம் என்று ஒதுக்கிவிட்டு நாம் எழுந்துபோகிறோம். பெரியவரும் சிறியவரும் சேர்ந்து சிரிக்கக்கூடிய படங்களுள் ஒன்று, 2003-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ'. பிக்ஸார் நிறுவனத்துக்காக ஆண்ட்ரூ ஸ்டாண்டன் இயக்கிய இப்படம், 2004-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது.

கதை என்ன?

ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் வாழும் கோமாளி மீன் மார்லின். ஒரு கொடிய மீனின் தாக்குதலில் மனைவியையும் நூற்றுக்கணக்கான முட்டைகளையும் இழக்கிறது. எஞ்சியது ஒரே ஒரு முட்டை. அதிலிருந்து பிறந்த நீமோவுக்கு ஒரு பக்கத் துடுப்பு சிறியது. இனி இவனுக்கு எதுவும் நேர விடமாட்டேன் என்று தந்தை உறுதி எடுக்கிறது.

பள்ளியின் முதல் நாளிலேயே பின்தொடர்ந்து சென்று, தோழர்கள் முன்னிலையில், உன்னால் நன்றாக நீந்த முடியாது என்று கண்டிக்கிறது. அவமானப்பட்ட பிள்ளை வீம்புக்காக ஆழ்கடலில் நிற்கும் படகை நோக்கி நீந்துகிறது. பிடிபட்டு, சிட்னி நகரில் ஒரு பல் மருத்துவரின் மீன் தொட்டிக்குப் போய்ச் சேருகிறது. மகனைத் தேடிப் புறப்படும் மார்லினுக்குத் துணையாக வருவது, கேட்டதை உடனே மறந்துவிடும் டோரி.

சிரிப்புக்குப் பஞ்சமில்லை. கோமாளி மீன் என்று பெயர் பெற்ற மார்லினுக்கு ஒரு நகைச்சுவைகூடச் சரியாகச் சொல்ல வராது. மீன் தின்பதை விட்டுவிடுவதாகச் சுறாக்கள் கூட்டம் போட்டு உறுதி எடுக்கின்றன. ஒரு சொட்டு இரத்த வாடை பட்டதும் அந்த உறுதி பறந்துவிடுகிறது. நம் புத்தாண்டுத் தீர்மானங்கள் நினைவுக்கு வருகின்றன அல்லவா?

அன்பும் அச்சமும்

இந்தச் சிரிப்புக்கு நடுவே படம் நம்மைக் கேள்வி கேட்கிறது. மகனைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றபோது, அதைத் தொடாதே, இதைச் செய்யாதே என்று ஓயாமல் எச்சரித்து, அவனோடு இருக்கும் நேரத்தையே தாம் இழந்துகொண்டிருந்ததை உணர்ந்ததாக இயக்குநர் ஸ்டாண்டன் கூறியிருக்கிறார். இக்கதையின் விதைகளுள் அதுவும் ஒன்று.

மார்லினின் அச்சம் பொய்யானதன்று. இழப்பைச் சந்தித்தவரின் அச்சம் அது. ஆயினும் அந்த அச்சமே மகனை ஆபத்தை நோக்கித் தள்ளியது. எதிர்மாறாக, க்ரஷ் என்னும் ஆமை, தன் குட்டி நீரோட்டத்திலிருந்து தவறி வெளியே போனதும் பதறவில்லை. தானே திரும்பி வருகிறதா என்று பொறுத்துப் பார்க்கிறது. தொட்டியில் நீமோ குழாயில் சிக்கும்போது கில் என்னும் மூத்த மீன், யாரும் உதவ வேண்டாம் என்று தடுக்கிறது. சிதைந்த தன் துடுப்பைக் காட்டித் தைரியம் தருகிறது. நீமோ தானே வெளியே வருகிறது.

இறுதியில் டோரி மீனவர் வலையில் சிக்குகிறது. உள்ளே அகப்பட்ட மீன்களைக் கீழ்நோக்கி நீந்தச் சொல்லி விடுவிக்கத் தனக்குத் தெரியும் என்கிறது நீமோ. கிடைத்த மகனை மீண்டும் ஆபத்துக்குள் அனுப்புவதா? தந்தை தயங்குகிறது; பின் அனுமதிக்கிறது. சின்னஞ்சிறு ஆபத்துக்கே அஞ்சிய தந்தை, பெரிய ஆபத்தின் முன் மகனை நம்புகிறது. தந்தை கடந்துவந்த உண்மையான பயணம் இதுதான்.

நாம் என்ன செய்யலாம்?

பிள்ளைகளைத் தொலைக்காட்சி முன் அமர்த்திவிட்டு நம் வேலையைப் பார்க்காமல், உடன் அமர்வோம். தாய் மீன் இறக்கும் தொடக்கக் காட்சி சிறு குழந்தைகளைக் கலங்கச் செய்யலாம். அப்போது நம் மடி அவர்களுக்குத் தேவை. படம் முடிந்ததும், "நான் மார்லின் மாதிரி நடந்துகொள்கிறேனா?" என்று கேட்போம். வரும் பதில் சற்றுச் சுடலாம். கோபப்படாமல் கேட்டுக்கொள்வோம். தனியே கடைக்குச் சென்று வருவது, மிதிவண்டி ஓட்டுவது என, அவர்கள் வெகுநாளாகக் கேட்கும் ஒன்றுக்கு இந்த வாரம் அனுமதி தர முயல்வோம்.

பிள்ளைகளைக் காப்பது நம் கடமை. அவர்களை நம்புவதும் நம் கடமையே.